தகரம் அடித்தால் சரியாகிவிடுமா? நில மண்டலமும் மறைப்பு வேலியும்

மலேசியாவில் எந்தத் தோட்டத்து ஊருக்குப் போனாலும், சுங்கை சிப்புட் ஆகட்டும், பீடோர் ஆகட்டும், பாகாவ் ஆகட்டும், ஊர் முடியும் இடத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு பக்கம் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் வீடுகள், மறுபக்கம் செம்பனை, இரண்டுக்கும் நடுவே ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் தகர வேலி. உள்ளே லாரி நிற்கிறதா, பழைய இரும்பு குவிந்திருக்கிறதா, டயர் கிடக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும்.

அந்த வேலியைப் பற்றி ஒட்டுக்கடையில் பேச்சு வந்தால் மூன்று வசனங்கள் காதில் விழும். “கிரான் அவன் பேர்ல இருக்கு, யார் என்ன கேட்க முடியும்?” “லைசன்ஸ் எடுத்துட்டான், இனி ஒன்னும் செய்ய முடியாது.” “அதான் தகரம் அடிச்சு மறைச்சுட்டானே, மஜ்லிஸ்காரங்க இனி எதுக்கு வர்றாங்க?” கிரான் என்பது நில உரிமைப் பத்திரம், மஜ்லிஸ் என்பது ஊராட்சி மன்றம். அந்த மூன்று வசனங்களிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். என் சித்தப்பா விட்டிருக்கிறார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தோட்டத்திலேயே மண்டலம் இருந்தது

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மண்டலம் என்றால் என்னவென்று சொல்லித்தரவே வேண்டாம். பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கொஞ்சம் கீழே கிராணிமார், அதாவது கணக்கு எழுதுகிறவர்களின் வீடுகள். பள்ளத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள். பால் ஸ்டோரும் புகைக்கூடமும் ஆற்றோரமாக, பங்களாவுக்கு நாற்றம் எட்டாத தூரத்தில். பங்களாவைச் சுற்றிச் செம்பருத்தியோ மூங்கிலோ, லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்கு.

எது எங்கே இருக்க வேண்டும், நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், எதை யார் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் துரை ஒருவரே முடிவு செய்தார். ரப்பர் பால் புளித்த நாற்றம் லயத்துக்கு அடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது ஊராட்சி மன்றம். துரையின் விருப்பத்துக்குப் பதிலாக ஒரு சட்டம் இருக்கிறது: 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். சுருக்கமாகச் சட்டம் 172. அந்தச் சட்டப்படி ஊராட்சி மன்றம் தன் எல்லைக்குள் இருக்கும் நிலத்தை வீடு, வணிகம், தொழில், விவசாயம், பொது வசதி என்று பிரித்து வரைபடத்தில் நிறம் தீட்டி வைக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஒரு மண்டலம். மஞ்சள் பகுதிக்குள் வீடு வரலாம், பட்டறை வரக்கூடாது என்பது போல. அந்த வரைபடமும் அதோடு சேர்ந்த விளக்கமும்தான் உள்ளூர்த் திட்டம். மலாயில் ‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’.

அன்றைக்கு ஏன் யாரும் அனுமதி கேட்கவில்லை?

“எங்க தாத்தா காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. அதெல்லாம் விவசாய நிலம்தானே? அப்போ இல்லாத சட்டம் இப்போ மட்டும் எங்கிருந்து வந்தது?” இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவில் இருக்கிறது.

தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நிலத்தை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது: விவசாயம், கட்டடம், தொழில். விவசாய நிலத்தில் கண்ட கண்ட கட்டடம் எழுப்பக்கூடாது. ஆனால் 115ஆம் பிரிவு சிலவற்றுக்கு இடம் கொடுக்கிறது. நில உரிமையாளரோ முறையாக அங்கே இருப்பவர்களோ குடியிருக்கும் வீடு, விவசாயத்துக்குத் தேவையான கட்டடம், அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கான கல்வி, மருத்துவம், சுகாதார வசதிகள், பொருத்தமான இடத்தில் பொருள் விற்கும் கடைகூட.

ஆக, லயமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் மளிகைக் கடையும் விவசாயத்தின் நிழலில் நின்றன. அவற்றுக்கு அங்கே இடம் கிடைத்ததே ‘நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்காக’ என்ற காரணத்தால்தான். தோட்டம் கைமாறி, மரம் வெட்டப்பட்டு, ஆட்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் போன பிறகு அந்தக் காரணம் இல்லை. கடை அதே இடத்தில், அதே தகரக் கூரையோடு, அதே ஆச்சி கல்லாவில் உட்கார்ந்திருக்க நின்றாலும், சட்டத்தின் கண்ணில் அது வேறு கடை.

தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்பதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமென்றால் மாநிலத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் கீழே உள்ள துண்டுகள்தான் நம் கைக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வருகின்றன. சிக்கலும் அந்தத் துண்டுகளோடுதான் வருகிறது.

தோட்டத்துக் கோயில்களின் கதையும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறையக் கோயில்களுக்குத் தனிக் கிரான் கிடையாது, நிலம் கம்பெனியின் கிரானுக்குள்ளேயே இருந்தது. கிரான் விலை போனபோது கோயில் நின்ற மண்ணும் சேர்ந்து போனது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கார் கிரானும் நிலக் கிரானும்

இனி அசல் விஷயம். நம்மில் பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான்.

காருக்கும் நாம் ‘கிரான்’ என்றுதானே சொல்கிறோம்? உங்களிடம் ஒரு வேன் இருக்கிறது, கிரான் உங்கள் பெயரில். சரி. அதில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றலாமா? கூடாது, அதற்கு வேறு பெர்மிட் வேண்டும். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகலாமா? கூடாது, பலகை வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டலாமா? கூடாது. “வேன் என்னுடையது” என்று போலீஸ்காரரிடம் சொன்னால், “ஆமாம், உங்களுடையதுதான். யார் இல்லை என்றது?” என்று கேட்டுவிட்டுச் சம்மனை நீட்டுவார்.

நிலமும் அப்படித்தான்.

நிலக் கிரான் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறது. நிலம் யாருடையது என்பது முதல் கேள்வி. நாம் படிப்பது அதை மட்டும்தான். நிலம் எதற்கு என்பது இரண்டாவது. ‘ஷாராட் ஞாத்தா’ என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அதுதான் வெளிப்படை நிபந்தனை. இந்த நிலத்தில் ரப்பர் மட்டும் பயிரிட வேண்டும், செம்பனை மட்டும் பயிரிட வேண்டும், குடியிருப்புக் கட்டடம் மட்டும் என்று அங்கே எழுதியிருக்கும். அதை மாற்றுகிற அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு இல்லை. நிலம் மாநிலத்தின் விவகாரம். நில அலுவலகம் வழியாக மாநிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றம் கிடைத்தால் பெரும்பாலும் அதற்காக மாநிலத்துக்குப் பிரீமியம் என்ற தொகை கட்ட வேண்டியிருக்கும். நிபந்தனையை மீறினால் நில நிர்வாகி அபராதம் போடலாம். சரிசெய்யாமல் விட்டால் நிலம் மாநிலத்துக்கே திரும்பிப் போகிற அளவுக்கு அந்த நடவடிக்கை நீளலாம்.

அடுத்தது மண்டலம். இது ஒருவழிப் பாதைப் பலகை மாதிரி. இந்தப் பகுதியில் இனிமேல் என்ன வர வேண்டும் என்று ஊராட்சி மன்றம் போட்டு வைத்திருக்கும் கணக்கு. ‘இனிமேல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சாலையோரத்தில் “விவசாய நிலம், தொழில் மண்டலம், விற்பனைக்கு” என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலகை பொய் சொல்லவில்லை. கிரானில் விவசாயம், உள்ளூர்த் திட்டத்தில் தொழில் என்றுதான் இருக்கும். ஆனால் வாங்குகிற ஆள் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, மறுநாளே பட்டறை போடலாம் என்று நினைத்துக்கொள்கிறார். விற்கிறவர் அந்த நினைப்புக்கும் சேர்த்து விலை போட்டிருப்பார்.

மூன்றாவது, திட்ட அனுமதி. மலாயில் ‘கெபெனாரான் மெரான்சாங்’, அலுவலகங்களில் சுருக்கமாகக் ‘கே.எம்.’. இந்தக் குறிப்பிட்ட நிலத்தில், இந்தக் குறிப்பிட்ட காரியத்தை, இந்த நிபந்தனைகளோடு செய்யலாம் என்று ஊராட்சி மன்றம் எழுத்தில் கொடுப்பது. மண்டலம் பொருந்தியிருந்தாலும் இது தனியாக வேண்டும். கட்டடம் எழுப்புவதாக இருந்தால் அதற்கு மேல் கட்டட வரைபட ஒப்புதலும், கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றிதழும் உண்டு. அவற்றுக்குள் இப்போது போக வேண்டாம்.

கடைசியாக, வணிக உரிமம். அதாவது லைசன்ஸ். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்படுவது. அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். காரணம் எதுவும் சொல்லாமலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட தாளை நம்பித்தான், “இனி ஒன்னும் செய்ய முடியாது” என்று ஒட்டுக்கடையில் சத்தியம் செய்கிறார்கள். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் செய்யும் பதிவு அதைவிடவும் மெல்லியது. இப்படி ஒரு வியாபாரம் இந்தப் பெயரில் இருக்கிறது என்பதற்குப் பதிவு, அவ்வளவுதான். இது போக, பழைய இரும்பு வாங்குகிறவருக்குப் போலீஸ் கொடுக்கும் பழம்பொருள் வியாபாரி உரிமம், செம்பனைக் குலை வாங்கி விற்கிறவருக்கு எம்.பி.ஓ.பி. எனப்படும் செம்பனை வாரியத்தின் உரிமம் என்று தொழிலுக்கு ஏற்ற தாள்களும் உண்டு.

இதுவரை சொன்னதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: கிரான் நிலம் யாருடையது, எதற்கு என்று சொல்கிறது. மண்டலம் அந்தப் பகுதி எப்படி ஆக வேண்டும் என்று சொல்கிறது. திட்ட அனுமதி உங்கள் காரியத்துக்குச் சம்மதம். உரிமம், கடையைத் திறந்து நடத்த. ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது.

செங்கல் வைக்காமலே ‘மேம்பாடு’

சித்தப்பாவுக்கு நாலு லாரி. செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற தொழில். ஊர் ஓரத்தில், ஒரு தாமானை ஒட்டினாற்போல் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமாக விவசாய நிலம் வாங்கினார். லாரி நிறுத்தினார், பழுது பார்க்க ஒரு கொட்டகை போட்டார், டீசல் டிரம் நாலைந்து வைத்தார். அவ்வளவுதான். “நான் என்ன கட்டடமா கட்டினேன்? என் நிலத்தில் என் லாரியை நிறுத்துறேன்” என்பது அவர் வாதம்.

சட்டம் 172இல் ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பொருள் இருக்கிறது. கட்டடம் எழுப்புவது, மண் வேலை, சுரங்க வேலை, தொழில் ஆகியவற்றோடு, நிலத்தை அல்லது கட்டடத்தைப் பயன்படுத்தும் விதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவதும் மேம்பாடுதான். செம்பனை நின்ற இடத்தில் லாரி நின்றால் பயன்பாடு மாறிவிட்டது. ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை. மேம்பாடு எதுவானாலும், சட்டமே விலக்கி வைத்த சிலவற்றைத் தவிர, திட்ட அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. வீட்டு வளாகத்துக்குள் அந்த வீட்டு வாழ்க்கையோடு சேர்ந்த பயன்பாடு விலக்கில் வரும். வீட்டு முற்றத்தில் சொந்தக் கார் நிற்பது அதில் சேரும். நாலு லாரியும் ஒரு வெல்டிங் மெஷினும் சேராது.

தாமானில் ஒரு பாட்டி. அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியெல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. புகார் போனது, அப்புறம் நோட்டிஸ் வந்தது. சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? ஆயிரக்கணக்கில் செலவு செய்து மூன்று பக்கமும் தகரம் அடித்தார். “கண்ணில் படுறதுனாலதானே பிரச்சினை? மறைச்சாச்சு” என்றார்.

நோட்டிஸ் கேட்டது வேலியை அல்ல. அனுமதி இல்லாமல் பயன்பாடு மாறியது ஏன் என்று கேட்டது. தகரம் அதற்குப் பதில் இல்லை. சொல்லப்போனால் தகரத்துக்கே தனியாக ஒரு கேள்வி வந்தது, ஏனென்றால் ஒரு பக்கம் எல்லைக்கல்லைத் தாண்டிச் சாலை ஒதுக்கு நிலத்துக்குள் போயிருந்தது.

மறைப்பு என்பது என்ன?

மறைப்பு நிபந்தனையைச் சமையலறையை வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே பெலாச்சான், அதாவது நெடியடிக்கும் இறால் விழுது, வறுக்க வேண்டும். வறுக்காமல் இருக்க முடியாது, சம்பல் வேண்டுமே. அதனால் கதவைச் சாத்துகிறோம், சன்னலைத் திறக்கிறோம், முடிந்தால் பின்கட்டு அடுப்பில் வறுக்கிறோம். பெலாச்சான் வறுப்பது குற்றம் இல்லை. அதன் நெடியை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ஊராட்சி மன்றம் திட்ட அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போடலாம். அந்த நிபந்தனைகளில் ஒன்றாக மறைப்பு வரும். ஒரு நிலத்தின் பயன்பாடு பக்கத்து நிலத்தின் கண்ணுக்கும் காதுக்கும் மூச்சுக்கும் போய்த் தொல்லை கொடுக்காமல் தடுக்க, நிலத்துக்காரர் தன் செலவில் செய்து வைக்கும் தடுப்பு. வேலியாக இருக்கலாம், மதிலாக இருக்கலாம், மரவரிசையாக இருக்கலாம். வெறுமனே இடம் விட்டு வைப்பதும் சேர்ந்து வரும். அந்த இடைப்பட்ட பட்டைக்கு ‘ஸோன் பெனம்பான்’ என்று பெயர், நாம் இடைகாப்பு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைகாப்பு வேண்டும் என்று சுற்றுச்சூழல் இலாகாவின் வழிகாட்டி இருக்கிறது. தொழில் கனமாகக் கனமாகத் தூரமும் கூடும்.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது: எல்லா வேலியும் எல்லாவற்றையும் தடுக்காது. எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

தகரம் பார்வையை மறைக்கும். கீழ்த்தளத்தில் நிற்கிறவருக்கு மட்டும். இரட்டை மாடி வீட்டின் மேல் சன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு உள்ளே இருக்கும் டயர் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்ல முடியும்.

சத்தம் வேறு கதை. சத்தம் வரும் இடத்துக்கும் உங்கள் காதுக்கும் நடுவே நேர்கோடு போட்டால், அந்தக் கோட்டை இடைவெளி இல்லாத கனமான ஒன்று மறித்தால் சத்தம் குறையும். செங்கல் மதில் அதைச் செய்யும். மெல்லிய தகரம் கொஞ்சம் செய்யும், சில நேரம் தானே அதிர்ந்து கூடுதலாகச் சத்தம் போடும், அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிலும் பாதி போச்சு. ஒற்றை வரிசை மரம் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. மரம் நட்டதும் சத்தம் குறைந்ததாகத் தோன்றும், லாரி கண்ணில் படாததுதான் காரணம்.

தூசுக்கு மரம் நல்லது. இலை அடர்ந்த செடிகளை நெருக்கமாக இரண்டு வரிசை நட்டால் இலைகள் தூசைப் பிடித்து வைக்கும், மழை கழுவிவிடும். ஆனால் தூசு கிளம்புகிற தரையில் கல்லோ தாரோ போடாமல் மரத்தை மட்டும் நம்பினால் பாட்டி வேட்டி வெள்ளையாகாது. வலைக்கம்பி வேலி ஆளைத் தடுக்கும், ஆட்டைத் தடுக்கும். அதைத் தாண்டி அதற்கு வேலை இல்லை.

கொசுவை எதுவும் மறைக்காது. டயரில் தண்ணீர் தேங்கி, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை போட்டால், வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் சுகாதார இலாகா உள்ளே வரும். அதற்கு 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது.

வேலி கட்டுகிற இடத்திலும் கவனம் வேண்டும். எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்க வேண்டும். கால்வாயை அடைக்கக்கூடாது. சந்திப்பு முனையில் முழுத் தகரம் அடித்தால், மோட்டாரில் வருகிறவருக்கு லாரி வெளியே வருவது தெரியாது. அந்த முனையில் உயரத்தைக் குறைத்தோ உள்ளே தள்ளியோ கட்டச் சொல்வார்கள். வேலியின் உயரத்துக்கும் கட்டட விதிகளில் வரம்பு உண்டு, ஆகவே ‘இன்னும் இரண்டு அடி ஏத்திடலாம்’ என்று தகரக் கடைக்குப் போவதற்கு முன் கவுண்டரில் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தூசு தடுக்கிற பழைய மரம் நிலத்தில் ஏற்கெனவே நின்றால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று சட்டம் 172இலேயே இருக்கிறது. பட்டுப்போன மரத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் விலக்கு உண்டு.

ஆகவே மறைப்பை இப்படிப் பாருங்கள்: அது அனுமதியோடு வரும் நிபந்தனை. அனுமதிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. அனுமதி இருந்து மறைப்பு இல்லாவிட்டால் நிபந்தனை மீறல். மறைப்பு இருந்து அனுமதி இல்லாவிட்டால், மறைத்து வைத்த மீறல்.

முடிவெடுப்பது யார்?

“கவுன்சிலரைப் பிடித்தால் காரியம் முடியும்” என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பலமானது. ஊராட்சி மன்றத்தில் தலைவரும் 8 முதல் 24 வரை உறுப்பினர்களும் இருப்பார்கள். இவர்களை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இன்றைக்கு உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஊராட்சி மன்றம் கோலகங்சார் நகராண்மைக் கழகம். நிலத்தின் நிபந்தனைக்கு நில அலுவலகம். இரண்டும் வெவ்வேறு கதவு. ஒரு கதவில் கிடைத்த தலையசைப்பை இன்னொரு கதவில் காட்ட முடியாது.

விண்ணப்பம் 2007 முதல் ஓ.எஸ்.சி. எனப்படும் ஒரே முகப்பிடம் வழியாகப் போகிறது. திட்டமிடல் பிரிவு அதைப் பார்த்து, தீயணைப்பு, வடிகால், சாலை முதலிய இலாகாக்களின் கருத்தைக் கேட்டு, குழுவின் முன் வைக்கும். உள்ளூர்த் திட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கவுன்சிலர் உங்கள் பக்கம் பேசலாம். வடிகால் இலாகா ‘கால்வாய்க்கு இடம் விடவில்லை’ என்று எழுதியிருந்தால் அவர் பேச்சுக்குப் பெரிய பலன் இருக்காது. என் அனுபவத்தில், கவுன்சிலரைத் தேடி அலைகிற நேரத்தில் ஒரு நகரத் திட்டமிடல் ஆலோசகரைப் பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு வேலை முடிந்திருக்கும்.

“எனக்குக் கடிதமே வரவில்லையே”

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களின் மனக்குறை இது. பக்கத்து நிலத்தில் ஏதோ வரப்போகிறது, நமக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டம் 172 இப்படி வைத்திருக்கிறது: உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் திட்ட அனுமதி விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபம் எழுதலாம். ஒட்டியிருக்கும் நிலம் அண்டை நிலம். நடுவே 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ இருந்தால் அப்பாலுள்ள நிலமும் அண்டை நிலம். முட்டுச்சாலையைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்றால் 200 மீட்டர் வரைக்கும் போகும். கடிதம் உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவர் வாசலில் காத்திருந்து பயனில்லை.

உள்ளூர்த் திட்டம் இருக்கும் பகுதியில்? அங்கே இந்தக் கடிதம் கட்டாயமில்லை. மாநிலங்கள் தத்தம் விதிகளில் கூடக் குறையச் செய்யலாம், அடிப்படை இதுதான். காரணம், உங்கள் கருத்தை முன்பே கேட்டாகிவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எப்போது கேட்டார்கள்? உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்தபோது. பத்திரிகையில் விளம்பரம் வந்திருக்கும், மன்றத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருப்பார்கள், ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் கொடுத்திருப்பார்கள். அந்த நான்கு வாரத்தில் அங்கே போன நம் ஆட்கள் எத்தனை பேர்? கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு மூன்று முறை அறிவிப்பு செய்கிற சங்கங்கள், இதற்கு ஒரு முறை செய்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைக்கு எந்த நிறம் தீட்டப்போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் முடிவாகிறது. லாரி வந்து நிற்பது பத்து வருஷம் கழித்து.

மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். முறையாக ஆட்சேபம் எழுதிய அண்டை நிலத்துக்காரரும் போகலாம். எழுதாதவருக்கு அந்தக் கதவு இல்லை. நீதிமன்ற வழி தனி. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கில், பொதுப் பூங்காவில் அடுக்ககம் கட்டக் கொடுத்த அனுமதி ரத்தானது சரியே என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் அக்கம்பக்கக் குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். கோலாலம்பூருக்கு வேறு திட்டமிடல் சட்டம்தான், என்றாலும் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, காரணமும் சொல்லாமல் அனுமதி கொடுக்க முடியாது என்ற அதன் வாதம் மற்ற ஊர்க்காரர்களுக்கும் தெம்பு கொடுக்கும்.

வாங்குவதற்கு முன், மீறிய பின்

அனுமதியில்லா மேம்பாட்டுக்குச் சட்டம் 172இன் 26ஆம் பிரிவில் உச்ச தண்டனை 500,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டு ஆண்டு சிறை அல்லது இரண்டும். தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை. இது உச்ச வரம்பு, எல்லாருக்கும் இது விழும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் நாள் கணக்கு ஓடும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

நிலம் வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல், அதாவது ‘சாரியான் ரஸ்மி’ எடுத்து நிபந்தனையைப் படியுங்கள். ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணைச் சொல்லி மண்டலம் என்னவென்று கேளுங்கள். நகர், கிராமத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத் தளத்திலும் பார்க்கலாம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் மாற்றுவதற்கு ஆகும் பிரீமியத்தையும் காலத்தையும் விலையில் கழியுங்கள். அப்புறம் நிலத்துக்கே போய், பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, சித்தப்பா சொல்லிக்கொடுத்தது.

சித்தப்பா கடைசியில் ஓர் ஆலோசகரைப் பிடித்தார். அவர் நிலம் இருந்த பகுதி உள்ளூர்த் திட்டத்தில் தொழில் மண்டலம் என்பதால் வழி இருந்தது. நில நிபந்தனை மாற்றத்துக்கும் திட்ட அனுமதிக்கும் சேர்த்து விண்ணப்பித்தார்கள். வந்த நிபந்தனைகளில் சாலைப் பக்கத் தகரத்தை எடுத்து உள்ளே தள்ளிக் கட்டுவது, தாமான் பக்கம் மதில், மதிலுக்கு உள்ளே இரண்டு வரிசை மரம், நுழைவாயில் தரைக்குத் தார், டீசல் டிரம்மைத் தாமானிலிருந்து தள்ளிக் கூரைக்குக் கீழே வைப்பது, இரவில் பழுது வேலை கூடாது என்பதெல்லாம் இருந்தன. முதலில் அடித்த தகரத்தில் பாதியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார், வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

பாட்டி வீட்டு வேட்டி இப்போது வெள்ளையாகத்தான் காய்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு லாரி பின்னால் எடுக்கும்போது போடும் பீப் சத்தம் மட்டும் இன்னும் மேல் மாடிச் சன்னல் வழியாக வருகிறதாம். அதற்கு ஒரு மனு எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்குத் தெரியாமல் எழுதித்தருவதா, சொல்லிவிட்டே எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.